வலிக்காத புண்

"வலியே இல்லைங்க, அதனாலதான் வரல." சர்க்கரை நோயாளிகளின் பாதங்களைப் பரிசோதிக்கும் பிரிவில் இயன்முறை மருத்துவராக வேலை பார்க்கும் நான் இதைக் கேட்காத நாளே இல்லை. கட்டைப் பிரித்தால் எலும்பு தெரியும் அளவுக்குப் புண் இருக்கும். புண்ணுக்குச் சொந்தக்காரர் முகத்தில் வேதனையின் சுவடே இருக்காது. கூட வந்த மகளோ மருமகனோதான் பதறிக்கொண்டு நிற்பார்கள்.

வலி இல்லை என்றால் ஒன்றுமில்லை என்று நாம் எல்லோருமே நம்புகிறோம். சின்ன வயதிலிருந்து வலியை எதிரியாகவே பார்த்துப் பழகிவிட்டோம். தைலம், ஒத்தடம், மாத்திரை, ஊசி எல்லாம் அதை விரட்டத்தான். ஆனால் வலி என்பது நரம்பு மண்டலம் நமக்காக ராத்திரி பகலாகச் செய்துகொண்டிருக்கும் ஒரு வேலை. அந்த வேலை நின்றுபோனால் உடம்பு என்ன ஆகிறது என்பதைத் தினமும் கண்ணால் பார்ப்பவள் என்பதால், அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதத் தோன்றுகிறது.

ஒரு முள்ளிலிருந்து ஆரம்பிக்கலாம். வெறுங்காலோடு நடக்கிறீர்கள், சீமைக்கருவேல முள் கட்டைவிரலுக்கு அடியில் ஏறுகிறது. அந்த இடத்துத் தோலுக்குள் நரம்பு முனைகள் பரவிக் கிடக்கின்றன. அவை விரலிலேயே இருந்தாலும், அவற்றின் சொந்தக்காரச் செல் விரலில் இல்லை. இடுப்புக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிய ஒரு சின்னப் புடைப்புக்குள் அது உட்கார்ந்திருக்கிறது. செல்லின் உடல் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஆனால் அதிலிருந்து கிளம்பும் இழை, அதாவது ஆக்சான், தொடை, முழங்கால், கணுக்கால் எல்லாம் கடந்து கால் விரல் வரைக்கும் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் ஓடுகிறது. நடுவில் ஒட்டுப்போட்ட இடம் எதுவும் கிடையாது. முழுவதும் ஒரே செல். இந்த நீளத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சும்மா இருக்கும்போது அந்த இழையின் உட்புற மின்னழுத்தம் வெளிப்புறத்தைவிட ஏறக்குறைய 70 மில்லிவோல்ட் குறைவாக இருக்கும். வெளியே சோடியம் அதிகம், உள்ளே பொட்டாசியம் அதிகம். முள் குத்தியதும் முனையில் சில வாசல்கள் திறந்து, உள்ளே மின்னழுத்தம் கொஞ்சம் ஏறுகிறது. கொஞ்சம் ஏறினால் ஒன்றும் நடக்காது. ஒரு எல்லையைத் தாண்டினால்தான் அடுத்த வகை வாசல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் திறக்கும், சோடியம் உள்ளே பாயும். உடனே பொட்டாசியம் வெளியேறி நிலைமையைச் சரிசெய்துவிடும். ஒன்றிரண்டு மில்லி நொடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். அதற்குள் பக்கத்துத் துண்டின் வாசல்கள் திறந்திருக்கும், அதற்கடுத்து அதன் பக்கத்துத் துண்டு. சரவெடியில் ஒரு வெடி அடுத்த வெடியைப் பற்றவைப்பது போலத்தான். ஆயிரம் வாலாவின் கடைசி வெடி முதல் வெடியைவிடச் சத்தம் குறைந்தா வெடிக்கிறது? அதேபோல, விரலில் கிளம்பிய துடிப்பு இடுப்புக்கு வந்து சேரும்போதும் துளி குறையாமல் வருகிறது. ஒரே வித்தியாசம், நரம்பு சில மில்லி நொடிகளில் தன்னைத் தயார் செய்துகொண்டு மறுபடியும் வெடிக்கும்.

முள் லேசாகக் குத்தினாலும் ஆழமாக ஏறினாலும் ஒரு துடிப்பின் உயரம் மாறுவதில்லை. நொடிக்கு எத்தனை துடிப்பு என்பதுதான் மாறும். எட்கர் ஏட்ரியன் 1920களில் இதைக் காட்டினார், 1932இல் நோபல் பரிசு பெற்றார். துடிப்புக்குள் சோடியமும் பொட்டாசியமும் செய்யும் வேலையைக் கணக்குப் போட்டுக் காட்டியவர்கள் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு இங்கிலாந்துக்காரர்கள். அவர்களுக்குக் கைகொடுத்தது கணவாய். கணவாயின் உடலில் அரை மில்லிமீட்டருக்கும் தடிமனான ஒரு ஆக்சான் இருக்கிறது, அதற்குள் மின்முனையையே நுழைத்துவிடலாம். 1939இல் பிளைமவுத் கடற்கரை ஆய்வகத்தில் தொடங்கிய வேலை, நடுவில் உலகப்போர் குறுக்கிட்டு, 1952இல் கட்டுரைகளாக வெளிவந்தது. பல் பிடுங்குமுன் போடும் மரப்பு ஊசி செய்வதும் இந்த சோடியம் வாசலை அடைப்பதுதான். மரப்பு போகும் வரைக்கும் எதையும் மெல்ல வேண்டாம் என்று பல் டாக்டர் சொல்லி அனுப்புகிறார் அல்லவா? மென்றால் உங்கள் கன்னத்தையே நீங்கள் கடித்துக் குதறிவிடுவீர்கள், தெரியவே தெரியாது. அந்த இரண்டு மணி நேரம் உங்கள் கன்னம் இருக்கும் நிலையில்தான் என்னிடம் வருபவர்களின் பாதம் வருடக்கணக்காக இருக்கிறது.

சரி, முள்ளுக்கு வருவோம். செய்தி எவ்வளவு வேகத்தில் போகிறது? இதை அளக்கவே முடியாது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850இல் தவளையின் கால் நரம்பில் அளந்து காட்டினார், நொடிக்கு ஏறக்குறைய 27 மீட்டர். மனித உடம்பில் எல்லா நரம்புக்கும் ஒரே வேகம் இல்லை. தசையை இயக்கும் நரம்புகளும், கை கால் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் நரம்புகளும் தடிமனானவை, அவற்றின் மேல் மயலின் என்ற கொழுப்பு உறை சுற்றியிருக்கும், நொடிக்கு 100 மீட்டரைக்கூடத் தொடும். வலிக்கென்று இருப்பவை இரண்டு வகை. மெல்லிய உறை போட்ட ஒரு வகை நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் போகும். உறையே இல்லாத, ஒரு மைக்ரான் அளவுக்கு மெலிந்த இன்னொரு வகை நொடிக்கு ஒரு மீட்டர்தான் நகரும்.

இதை நீங்களே அனுபவித்திருப்பீர்கள். கட்டில் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொண்டால் முதலில் சுருக்கென்று ஒரு வலி. எங்கே இடித்தது என்று துல்லியமாகச் சொல்லிவிடும் வலி அது. பிறகு ஒரு சின்ன இடைவெளி. ஐயோ, இனிமேல்தான் இருக்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்போமே, அந்த இடைவெளி. அப்புறம் மெல்லப் பரவும் ஆழமான, எரிச்சல் கலந்த வலி. முதல் வலி வேகமான இழையில் வந்தது, இரண்டாவது மெதுவான இழையில். கால் விரலிலிருந்து ஒரு மீட்டர் தூரம் என்பதால் நடுவில் ஒரு நொடி கிடைக்கிறது. மூக்கில் இடித்துக்கொண்டால் இந்த இடைவெளி தெரியாது.

முள் குத்தியதும் கால் தானாகத் தூக்கிக்கொள்கிறது. இதற்கு மூளையின் அனுமதி தேவையில்லை. தண்டுவடமே செய்தியை வாங்கி, தொடைத் தசைக்கு உத்தரவு போட்டுவிடுகிறது. கூடவே இன்னொரு வேலையும் செய்கிறது. ஒரு காலைத் தூக்கினால் ஆள் விழுந்துவிடக்கூடாதே, அதனால் அடுத்த காலை விறைப்பாக ஊன்றச் சொல்கிறது. இரண்டும் நடந்து முடிந்த பிறகுதான் "அம்மா!" என்று வாய் கத்துகிறது. இத்தனை அக்கறையோடு கட்டப்பட்ட ஏற்பாட்டை எத்தனை தடவை வகுப்பில் படித்தாலும் எனக்கு வியப்பு தீரவில்லை.

மிளகாய் நறுக்கிய கையோடு கண்ணைத் தேய்த்துவிட்டுத் துடித்திருக்கிறீர்களா? அங்கே ஒன்றும் சுடவில்லை. 43 டிகிரி செல்சியஸ் சூட்டுக்குத் திறக்க வேண்டிய ஒரு வாசல் நரம்பு முனையில் இருக்கிறது. மிளகாயில் இருக்கும் கேப்சைசின் வந்து ஒட்டினாலும் அதே வாசல் திறந்துவிடுகிறது. நரம்புக்கு வித்தியாசம் தெரியாது, சுடுகிறது என்றே சொல்லும். டேவிட் ஜூலியஸ் 1997இல் இந்த வாசலைக் கண்டுபிடித்தார், 2021 நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. பறவைகளிடம் இருக்கும் வாசல் கேப்சைசினுக்கு மசியாது. கூண்டுக்கிளி பழுத்த மிளகாயை ஆற அமரத் தின்பது அதனால்தான்.

வலிச் செய்தி தண்டுவடத்துக்கு வந்தாயிற்று. அது அப்படியே மூளைக்குப் போவதில்லை. இடித்த இடத்தை உடனே கையால் தேய்த்துவிடுகிறோம், குழந்தை விழுந்தால் ஊதித் தடவிக் கொடுக்கிறோம். இது வெறும் ஆறுதல் இல்லை. தொடு உணர்ச்சியைக் கொண்டுவரும் தடித்த நரம்புகள் தண்டுவடத்தில் வந்து சேரும்போது வலிச் செய்தியை மட்டுப்படுத்துகின்றன என்று மெல்சாக், வால் இருவரும் 1965இல் விளக்கினார்கள். மேலிருந்து மூளையும் கட்டுப்படுத்தும். இரண்டாம் உலகப்போரில் இத்தாலியில் காயமடைந்த படைவீரர்களைக் கவனித்த ஹென்றி பீச்சர் என்ற மருத்துவர், பெரிய காயம் பட்டவர்களில் பெரும்பாலானோர் வலிமருந்தே கேட்கவில்லை என்று எழுதினார். போர்க்களத்திலிருந்து உயிரோடு வெளியே வந்துவிட்டோம் என்பது அவர்கள் மூளைக்குத் தெரிந்திருந்தது. ஓப்பியத்தைப் போலவே வேலை செய்யும் பொருட்களை மூளை தானே தயாரிக்கிறது என்பது 1975இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் நிரூபணமானது.

காயமே இல்லாமலும் வலி வரும். வெட்டி எடுத்துவிட்ட கையில் வலிக்கிறது என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. இல்லாத அந்தக் கை, மூளையின் வரைபடத்தில் இன்னும் இருக்கிறது. நம் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் அமெரிக்காவில் ஒரு சாதாரணக் கண்ணாடியை வைத்து, இருக்கிற கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் காட்டி, சிலருக்கு அந்த வலியைக் குறைத்தார். பெட்டி, கண்ணாடி, அவ்வளவுதான் செலவு.

இனி வேலூருக்கு வருகிறேன். எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். அப்பா அம்மா அங்கே மிஷனரிகள். இங்கிலாந்தில் அறுவை சிகிச்சை படித்துவிட்டு 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். அடுத்த வருடம் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். ராபர்ட் காக்ரேன் அதன் பொறுப்பில் இருந்தார். விரல் மடங்கி, குட்டையாகி, முனை இல்லாமல் போன கைகளை வரிசையாகப் பார்த்த பிராண்ட், ஒரு நோயாளியிடம் தன் கையைப் பிடித்து அழுத்தச் சொன்னார். வலுவே இருக்காது என்று நினைத்துத்தான் சொன்னார். அந்த மனிதர் பிடித்த பிடியில் பிராண்டுக்கு உயிர் போனது. கையை உதறி விடுவித்துக்கொண்டவருக்கு, அந்த வலிக்குள்ளேயே ஒரு யோசனை வந்தது. அழுகிப்போன கை என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் இந்தத் தசைகள் இத்தனை பலமாக இருக்கின்றனவே!

அன்று மருத்துவ உலகமே என்ன நம்பியது என்றால், தொழுநோய் சதையை அரிக்கிறது, அதனால் விரல்கள் உதிர்கின்றன, அந்தச் சதையில் கத்தி வைத்தால் ஆறாது. வேலூரில் பிராண்டின் குழு கவனித்துப் பார்த்ததில் ஒன்றுகூட உண்மையில்லை என்று தெரிந்தது. சதை நல்ல சதைதான். வெட்டினால் மற்றவர்களுக்கு ஆறுவது போலவே ஆறும். கிருமி போய்த் தாக்குவது நரம்பை. அதுவும் உடம்பில் எங்கே கொஞ்சம் குளிர்ச்சியோ அங்கே, அதாவது முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் பக்கம் தோலுக்குக் கீழேயே ஓடும் நரம்புகளை. முழங்கையில் இடித்தால் சுண்டுவிரல் வரைக்கும் ஷாக் அடிக்குமே, அதே நரம்புதான் முதல் பலிகளில் ஒன்று. அது செத்தால் கையின் சின்னத் தசைகள் செயலிழந்து விரல்கள் மடங்கிக்கொள்ளும், கூடவே உணர்ச்சியும் போய்விடும். முன்கையின் பெரிய தசைகளுக்குப் போகும் நரம்புகள் மேலே, சூடான பகுதியில் பிரிந்துவிடுவதால் தப்பிவிடும். செங்கல்பட்டில் பிராண்ட் கையை நெரித்தது அந்தத் தசைகள்.

தப்பிய தசையின் நாணை எடுத்து, செயலிழந்த விரலுக்கு இழுத்துக் கட்டும் அறுவை சிகிச்சையை அவர் 1948 முதல் செய்ய ஆரம்பித்தார். மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன. ஆனால் நிமிர்ந்த விரல்களில் மறுபடியும் காயங்கள்! எங்கிருந்து வருகின்றன? அவர்கள் துப்பறிவது போல ஒவ்வொரு காயத்தையும் விசாரித்தார்கள். ஒரு நாள், துருப்பிடித்த பூட்டு ஒன்றை பிராண்ட் எவ்வளவோ முயன்றும் திறக்க முடியவில்லை. ஒரு சிறுவன் வந்து சாவியைத் திருகித் திறந்துவிட்டான். இவனுக்கு இத்தனை பலமா என்று அவன் கையை வாங்கிப் பார்த்தால், விரல் எலும்பு வரை கிழிந்து ரத்தம் சொட்டுகிறது. அவனுக்குத் தெரியவில்லை. வலி இருப்பவர்கள் சாவி விரலை அறுக்குமுன் விட்டுவிடுவார்கள், அவனிடம் விடச் சொல்ல ஆள் இல்லை. இன்னும் சிலருக்கு ராத்திரி தூங்கி எழுந்தால் விரலில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கும். ஒருவர் விழித்திருந்து காவல் காத்துப் பார்த்தார், எலி வந்து கடித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு வீட்டுக்குத் திரும்பும் நோயாளிகளுக்கு ஒரு பூனையும் கொடுத்து அனுப்பினார்கள்.

விரல்களைத் தின்றது நோய் இல்லை. பூட்டு, அடுப்பு, எலி, செருப்பில் ஏறிய ஆணி. அவற்றைத் தடுத்து நிறுத்த வேண்டிய வலி மட்டும் இல்லை. தொழுநோய் இன்று கூட்டு மருந்துச் சிகிச்சையில் முழுக்கக் குணமாகிவிடும், அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கொடுக்கிறார்கள். ஆனால் செத்துப்போன நரம்பை அந்த மருந்து திருப்பித் தராது. சீக்கிரம் போக வேண்டும் என்று வற்புறுத்துவது அதற்காகத்தான்.

பிராண்ட் 1960களின் நடுவில் அமெரிக்காவில் லூசியானாவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே அவர் எடுத்துக்கொண்ட திட்டம் எனக்கு எப்போதும் நினைவில் நிற்கிறது. வலி இல்லாதவர்களுக்குச் செயற்கையாக வலி கொடுத்தால் என்ன? கையுறையிலும் காலுறையிலும் அழுத்தத்தை உணரும் கருவிகள். எல்லை மீறினால் காதில் ஒலிக்கும். நோயாளிகள் ஒலியைச் சட்டை செய்யவில்லை. விளக்கை எரியவைத்தார்கள், அதையும் பொருட்படுத்தவில்லை. கடைசியில், உணர்ச்சி மிச்சமிருக்கும் இடத்தில் மின்சார அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். அவசரமாக ஒரு திருகை முறுக்க வேண்டும் என்றால் நோயாளி கருவியை அணைத்துவிடுவார், வேலையை முடிப்பார், மறுபடி போட்டுக்கொள்வார். வருடக்கணக்கான உழைப்புக்குப் பிறகு திட்டத்தைக் கைவிட்டார்கள். ஆபத்து என்று தகவல் சொன்னால் போதாது, மீறவே முடியாதபடி தாங்க முடியாததாகவும் அது இருக்க வேண்டும், அணைக்கும் பொத்தான் நம் கையில் இருக்கவும் கூடாது. வலியின் கொடுமை என்று நாம் எதைத் திட்டுகிறோமோ அதுதான் நம்மைக் காப்பாற்றுகிறது.

பிறவியிலேயே வலி தெரியாதவர்களும் உண்டு. வட பாகிஸ்தானில் சில குடும்பங்களை ஆராய்ந்து 2006இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. முன்பு சொன்ன சோடியம் வாசல்களில் ஒரு வகை, வலி நரம்புகளில் முக்கியமாக வேலை செய்வது, இவர்களிடம் பழுதாகியிருந்தது. தொடுவது தெரியும், சூடு குளிர்ச்சி தெரியும், வலி மட்டும் தெரியாது. ஆராய்ச்சியாளர்களை அங்கே இழுத்தது ஒரு சிறுவனின் கதை. கையில் கத்தியைச் செருகி, நெருப்புத் தணலில் நடந்து, தெருவில் வித்தை காட்டிக்கொண்டிருந்தவன். பதினான்கு வயது நிறைவதற்குள், ஒரு வீட்டுக் கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். அவனுக்குத் தன் உடம்பின் எல்லை எது என்று யாரும் சொல்லித்தரவில்லை, சொல்லித்தரவும் முடியாது.

இப்போது சர்க்கரைக்கு வருகிறேன். ரத்தத்தில் சர்க்கரை வருடக்கணக்கில் ஏறியே இருந்தால் நரம்புக்குச் சத்து கொண்டுவரும் நுண்ணிய ரத்தக்குழாய்களும் கெடும், நரம்பின் உள் வேலைகளும் கெடும். நரம்பு முனைக்கு வேண்டிய புரதங்களையெல்லாம் இடுப்புக்குப் பக்கத்தில் உள்ள அந்தச் சின்னச் செல்தான் தயாரித்து ஒரு மீட்டர் தள்ளி அனுப்ப வேண்டும். வேகமாகப் போகும் சரக்கே ஒரு நாளைக்கு 40 சென்டிமீட்டர் போனால் அதிகம். சில கட்டுமானப் பொருட்கள் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கில் ஊர்கின்றன. பற்றாக்குறை வந்தால் முதலில் கைவிடப்படுவது கடைக்கோடிதான். அதனால்தான் மரமரப்பு இரண்டு கால் விரல்களிலும் ஒரே நேரத்தில் ஆரம்பித்து, சாக்ஸ் போட்ட இடம் போல மேலே ஏறுகிறது. முழங்காலை நெருங்கும்போது கை விரல்களிலும் தொடங்குகிறது. உயரமானவர்களுக்கு இந்த ஆபத்து சற்று அதிகம்.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், சாகும் நரம்பு சும்மா சாகாது. காரணமே இல்லாமல் தானாகத் துடிக்கும். ராத்திரியானால் பாதம் எரியுது, போர்வை பட்டாலே தாங்கலை என்பவரின் காலில் ஊசியால் தொட்டால் தெரியாது. எரியும் காலுக்கு உணர்ச்சி நன்றாக இருக்கிறது என்று வீட்டில் நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் ஒரே காலில் சேர்ந்து இருக்கும். எரிச்சல் தானாக நின்றுவிட்டால் குணமாகிவிட்டது என்று சந்தோஷப்படவும் கூடாது, மிச்சமிருந்த நரம்பும் போயிருக்கலாம்.

தசை நரம்பு போனால் விரல்கள் கொக்கி போட்டு மடங்கும், எடை முழுவதும் விரலடி மேட்டில் விழும், அங்கே காய்ப்பு ஏறும். வேர்வை நரம்பு போனால் தோல் வறண்டு வெடிக்கும். குதிகால் வெடிப்பை வெறும் பித்தவெடிப்பு என்று நினைத்து எண்ணெய் தடவிக்கொண்டிருப்பவர்களில் எத்தனையோ பேருக்கு அது நரம்பு சொல்லும் சேதி. இன்னொன்று முக்கியம். பாதம் திடீரென்று சிவந்து, சூடாக, வீங்கி இருக்கிறது, வலி மட்டும் பெரிதாக இல்லை என்றால் சுளுக்கு என்று நீவிவிடாதீர்கள். உள்ளே எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்கலாம். சார்கோ பாதம் என்பார்கள், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய விஷயம். நெஞ்சுவலி இல்லாமலேயே சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பு வருவதும் இதே குடும்பத்துப் பிரச்சினைதான்.

ஒரு பெரியவர் வந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், அறுபதைத் தாண்டியவர். "செருப்பு கழண்டு விழுந்தாக்கூட தெரிய மாட்டேங்குதும்மா, பின்னாடி வர்றவங்கதான் கூப்பிட்டுச் சொல்றாங்க" என்றார். எங்கள் ஊர்ப் பக்கம் நரம்பு பாதிப்புக்கு இதைவிட நல்ல அறிகுறி எந்தப் புத்தகத்திலும் இல்லை. கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையை விரலடியில் வைத்தேன். "தெரியுதாப்பா?" "எப்பம்மா ஆரம்பிக்கப் போறீங்க?" என்றார். நான் ஏற்கெனவே பல இடங்களில் வைத்து முடித்திருந்தேன். செருப்பை வாங்கித் திருப்பினேன். அடியில் ஒரு ஆணியின் தலை, மேலே அதன் முனை. குதிகாலில் அதற்கேற்ற ஓட்டை. கூட வந்திருந்த அவர் மனைவி வாயில் கை வைத்துக்கொண்டார். "ஏங்க, வீட்டுல தரையெல்லாம் ரத்தப் பொட்டு இருந்துச்சே... பேரப்புள்ள எங்கயோ இடிச்சிக்கிட்டான்னு நெனச்சேன்." பெரியவர் ஆணியைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றே காயத்தைச் சுத்தம் செய்து, மருந்து தொடங்கி, அவருக்கு எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு எழுதிக் கொடுத்தோம். கால் பிழைத்தது. அந்த இழைச் சோதனைக்கு இந்தப் பத்து கிராம் அளவு பொருத்தமானது என்று காட்டியதும், பிராண்ட் வேலை பார்த்த அதே கார்வில்லில், தொழுநோயாளிகளின் பாதங்களை வைத்துச் செய்த ஆராய்ச்சிதான். நம் ஊர்த் தொழுநோய் மருத்துவமனைகளில் மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு போட்டு நடந்தவர்களிடம் கற்ற பாடம், இன்று எத்தனையோ சர்க்கரை நோயாளிகளின் காலைக் காக்கிறது.

சித்திரை வைகாசி வந்தால் எங்களுக்குக் கொப்புளங்களின் காலம். உச்சிவெயிலில் கோயில் பிராகாரத்தின் கருங்கல்லில் வெறுங்காலோடு ஒரு சுற்று. மற்றவர்கள் சூடு தாங்காமல் நிழல் தேடி ஓடுவார்கள், நரம்பு செத்தவர் நிதானமாக நடந்து வருவார். சாமி கும்பிட்ட திருப்தியோடு வீட்டுக்குப் போய், மறுநாள் காலையில் பாதத் தோல் உரிந்து கிடப்பதைப் பார்த்துதான் தெரிந்துகொள்வார். கோயிலுக்குப் போகாதீர்கள் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. விடியற்காலையிலோ பொழுது சாய்ந்தோ போங்கள், பருத்தி சாக்ஸ் போட்டுக்கொள்ள அனுமதி கேளுங்கள் என்கிறேன். வெந்நீரில் கால் வைக்குமுன் முழங்கையால் சூடு பாருங்கள், அல்லது வீட்டில் இருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். செருப்பைப் போடுமுன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே விரலை விட்டுத் தடவுங்கள். ராத்திரி படுக்குமுன் உள்ளங்காலைப் பாருங்கள், குனிய முடியாதவர்கள் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். வலி செய்துகொண்டிருந்த வேலையைக் கண்ணும் கையும்தான் எடுத்துச் செய்ய வேண்டும்.

உங்கள் வீட்டில் சர்க்கரை உள்ளவர் இருந்தால் இன்று ராத்திரியே ஒன்று செய்துபார்க்கலாம். இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரத்து மருத்துவர்கள் உருவாக்கிய முறை, விரல் நுனி ஒன்றே போதும். அம்மாவையோ அப்பாவையோ காலை நீட்டிப் படுக்கச் சொல்லி, வலது இடது எது என்று முதலில் காலைத் தொட்டுச் சொல்லிவிடுங்கள். கண்ணை மூடச் சொல்லுங்கள். உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் வலது கட்டைவிரலை ஒன்றிரண்டு நொடி லேசாகத் தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ தடவவோ கூடாது. தொட்டது தெரிந்ததும் வலது, இடது என்று அவர்கள் சொல்ல வேண்டும். அடுத்து வலது சுண்டுவிரல், பிறகு இடது கட்டைவிரல், இடது சுண்டுவிரல், கடைசியாக இரண்டு பாதங்களின் நடுவிரல்கள். ஒரு விரலை ஒரு முறைதான் தொட வேண்டும், பதில் வராவிட்டால் மறுபடி தொடாமல் அடுத்ததற்குப் போய்விடுங்கள். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் பாதங்களில் உணர்ச்சி குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். இந்த வாரத்துக்குள் சர்க்கரை டாக்டரிடம் கூட்டிப்போய், சாக்ஸைக் கழற்றி, பாதத்தைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஆறும் தெரிந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை மருத்துவமனையில் முழுமையான பாதப் பரிசோதனை செய்துகொள்ளட்டும்.